பழங்கார்களின் புறவுறுப்புகளும் காலச் சான்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய கார்களைப் புதுப்பிப்போர், புறவுறுப்புகளைக் காலம் பிறழாது பொருத்தல் வேண்டும். வண்டியின் வயதுக்கு அவையே சான்று.

மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் வெளிவந்தபோது அதன் முன்விளக்குகள் முன்பக்கக் கிராதியை ஒட்டித் தாழ்ந்திருந்தன. சில ஆண்டுகளிலேயே மட்காட்டுக்கு உயர்ந்தன. நடுவே பிளவுண்டிருந்த முன்கண்ணாடி 1956இல் ஒற்றைக் கண்ணாடியாயிற்று. திரும்புந் திசையைக் காட்டக் கதவருகே எழும் கைகாட்டி 1961இல் ஒழிந்து, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு வந்தது. ஆகவே 1965ஆம் ஆண்டு வண்டிக்கு அழகு கருதிக் கைகாட்டி பூட்டுதல் கல்வெட்டிற் பொய்யெழுத்துப் பொறித்தலை ஒக்கும். (இதனைச் செய்வோர் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே செய்கின்றனர்.)

ஆயின், தொழிற்சாலை தந்தது மட்டுந்தானா மெய்? 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் இக்கார்கள் சிறிது பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. எரிபொருளுக்கே வழியற்ற அந்நாளில், கழன்ற பம்பருக்கும் உடைந்த விளக்குக்கும் ஈடாக உள்ளூர்ப் பட்டறையில் ஒட்டிய தகடு, இங்கிலாந்துப் பட்டியலில் இராது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் பெயர்ந்தபோது ஒரு குடும்பத்தின் பெட்டிகளைச் சுமந்த கூரைச்சட்டமும் அங்ஙனமே. அவற்றைக் கழற்றி, பளபளக்கும் புதிய உறுப்புகளைப் பூட்டினால் வண்டி 1956க்குத் திரும்பும்; யாழ்ப்பாணத்தில் அது ஓடிய ஆண்டுகள் அழியும். அத்தகடும் சட்டமும் வண்டியிலேயே இருத்தல் வேண்டுமென்பது எமது துணிபு.