வேங்கடத்தடியில் பிறந்த அவைத் தலைவர்

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் கூறுவதை மேடைதோறும் சொல்லி மகிழ்பவர்கள் நாம். அவ்வேங்கடத்தின் அடியில், அலர்மேல்மங்கைத் தாயார் கோயில்கொண்ட திருச்சானூரில், 1891-ஆம் ஆண்டு வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்து, இந்திய மக்களவையின் தலைவராக உயர்ந்தவர் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார். அவரை நம் மலர்கள் ஏனோ நினைப்பதில்லை. எல்லைக்கு அப்பால் போய்விட்டார் என்பதாலோ?

அவர் எங்கும் போகவில்லை, எல்லைகள்தாம் நகர்ந்தன. அவர் பிறந்தபோது அவ்வூர் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953-இல் அது ஆந்திர மாநிலத்துடன் சென்றது. ம. பொ. சிவஞானம் திருப்பதிக்காகப் போராடியதும், 1960-இல் திருத்தணி நமக்கு மீண்டதும் நாம் மறவாதவை. 2022-இல் திருப்பதி, சித்தூரினின்றும் பிரிந்து தனி மாவட்டமே ஆகிவிட்டது! கோடுகள் இங்ஙனம் மாறிக்கொண்டேயிருக்க, மனிதரை எந்தக் கோட்டுக்குள் அடைப்பது?

பச்சையப்பன் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்ற ஐயங்கார், சிறிது காலம் கணித ஆசிரியராயிருந்து, பின் வழக்கறிஞரானார். 1934-இல் மத்திய சட்டமன்றத்துள் நுழைந்தார். அங்கே ஆங்கில அரசை அவர் கேள்விகளால் துளைத்தெடுத்த வேகத்தைக் கண்டு, ஐரோப்பியர் ஏடு ஒன்று அவரைச் 'சட்டமன்றத்தின் எம்டன்' என வருணித்தது. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டுமாரி பொழிந்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வதுண்டன்றோ? ஏசியவர்கள் அறியாமலே தமிழ்ப் பட்டம் ஒன்றைச் சூட்டிவிட்டனர்!

1940-இன் தனிநபர் சத்தியாக்கிரகமும் 1942-இன் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கமும் அவரைச் சிறைக்கு அனுப்பின. விடுதலைக்குப் பின், 1950-இல் அமைந்த மதிப்பீட்டுக் குழுவின் முதல் தலைவராகி, அரசுச் செலவினங்களை ஆராய்ந்தார். கணித ஆசிரியரும் வழக்கறிஞரும் ஒருவரிடத்தே கூடியிருந்தது அப்பணிக்கு எத்துணைப் பொருத்தம்!

1952-இல் திருப்பதித் தொகுதியிலும் 1957-இல் சித்தூர்த் தொகுதியிலும் வென்றார். மாவளங்கர் 1956-இல் மறைந்தபின் அவைத் தலைவரானார். வாயாடும் எம்டன் இப்போது வாய்மூடி, பிறர் கேள்விகளுக்கு நடுவராக வேண்டியிருந்தது. பிரிட்டனில் அவைத் தலைவராகுபவர் தம் கட்சியைத் துறந்துவிடுவார். இந்தியாவில் அம்மரபு வேரூன்றவில்லை. ஐயங்காரும் 1957-இல் காங்கிரஸ் வேட்பாளராகவே நின்றார். இதனை நாம் குறையாகவே கருதுகிறோம். எனினும் அது தனியொருவர் குறையன்று. வரதட்சிணைத் தடை மசோதாவில் ஈரவைகளும் மாறுபட்டபோது, 1961 மே மாதம் கூடிய நாடாளுமன்றத்தின் முதற் கூட்டு அமர்வுக்குத் தலைமை தாங்கிய பெருமை அவருக்குரியது.

1962 முதல் 1967 வரை பீகார் ஆளுநராயிருந்தவர், பின்னர்த் திருப்பதி சம்ஸ்கிருத வித்தியாபீடத்தின் பணியில் ஈடுபட்டார். 1978 மார்ச் 19 அன்று மறைந்தார்.