ஆல்ட்டும் அரைக்காலும்

ஆல்ட் விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கத்து எண்பலகையில் 1, 7, 1 என்று தட்டிவிட்டுக் கையை எடுத்தால் திரையில் ½ வந்து நிற்கும். 248 தட்டினால் வெப்பநிலைக்குப் போடும் சின்ன வட்டம். 156 தட்டினால் பிரிட்டிஷ் பவுண்டு. 1 மட்டும் தட்டினால் ஒரு சிரித்த முகம். பழைய டாஸ் காலத்துப் பொட்டிகளில் உட்கார்ந்தவர்களுக்கு இது மறக்காது. விசைப்பலகையில் எங்கேயும் எழுதியிருக்காது. யாராவது சொல்லித்தான் தெரியும், தெரிந்தவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார், அந்தக் காகிதம் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டுப் பழுப்பேறிக் கிடக்கும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, நம் தமிழுக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நம் பிள்ளைகள் ஃபோனில் விரலால் தேய்த்துத் தமிழ் எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் என்ன கூத்தெல்லாம் நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் விசைப்பலகையில் 83 விசைகள். ஆனால் திரையில் காட்டத் தெரிந்த உருவங்களோ 256. ஒரு பைட்டுக்குள் அடங்குவது அவ்வளவுதான். ஆங்கிலம், எண்கள், நிறுத்தற்குறிகள் எல்லாம் முதல் 128-ல் முடிந்துவிடும். மீதி 128-ல் ஐரோப்பிய மொழிகளின் கொம்பு வைத்த எழுத்துகள், கட்டம் போடும் கோடுகள், கணிதக் குறிகள். இவை போக, ஆரம்பத்தில் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென்று விட்டிருந்த 32 இடங்களிலும் சிரித்த முகம், சீட்டுக்கட்டின் ஹார்ட்டின், டைமண்ட், இசைக்குறி என்று வரைந்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த வாங் எழுத்துப் பொறிகளைப் பார்த்து வந்த யோசனை அது என்று 1995-ல் ஒரு பேட்டியில் பில் கேட்ஸ் சொன்னார்.

83 விசையை வைத்துக்கொண்டு 256 உருவத்தை எப்படி வரவழைப்பது? அதற்குத்தான் ஆல்ட். ஆல்ட்டைப் பிடித்திருக்கும்வரை நீங்கள் தட்டும் எண்களை, ஏற்கெனவே இருப்பதைப் பத்தால் பெருக்கிப் புதியதைக் கூட்டி, நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டில் பொறி சேர்த்துக்கொண்டே வரும். கையை எடுத்ததும் அந்த எண்ணுக்குரிய உருவத்தைக் கொடுத்துவிடும். ஒரு பைட் என்பதால் 255-ஐத் தாண்டினால் மறுபடி சுற்றி வரும். 321 தட்டினால் 65 தட்டியதாகத்தான் அர்த்தம், ஆங்கிலத்தின் முதல் எழுத்து வரும்.

இதில் 255-வது இடம் ஒரு வேடிக்கை. அங்கே இருப்பது வெற்றிடம், ஆனால் இடைவெளி இல்லை. கோப்புறையின் பெயரில் அதைச் சேர்த்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, பெயரை அடித்தாலும் திறக்காது. நான் 1990-ல் போடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தபோது, பையன்கள் விளையாட்டுகளை இப்படித்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். வாத்தியாருக்கும் தெரியும். அவர் விளையாடுவதும் அதே கோப்புறையில்தான் :-)

போடி என்றதும் ஊரைச் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் சாந்தன்பாறை. இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை தாலுகா. பூப்பாறை வந்து, போடிமெட்டு ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போடிநாயக்கனூர். நிலம் கேரளா, தோட்டத்தில் பேச்சு தமிழ், ஆபீஸ் காகிதம் மலையாளம். 1956-ல் மாநில எல்லை போட்டபோது தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று நடந்த சண்டையைப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். எல்லை எங்கே போனாலும் ஏலக்காய் போடிக்கு இறங்கும், வேலைக்கு ஆள் ஜீப்பில் ஏறி வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

அப்பா வேலை பார்த்த ஏலக்காய் ஸ்டோரில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். அவருடைய நோட்டில் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். தேதிக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, 'மேற்படி' என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹. அரை, கால், அரைக்கால், மாகாணி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழிப்பு. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் அதற்குத் தேவை இருந்தது. 1957-ல் நயா பைசா வந்ததும், அடுத்துக் கிலோ வந்ததும் அந்தத் தேவை போயிற்று. ஆனால் அவர் கை நிற்கவில்லை. முந்திரி என்றால் 320-ல் ஒன்று என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான், பள்ளிக்கூடம் இல்லை.

கோர்ஸ் முடித்த கையோடு போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு பில் போடும் புரோகிராம் எழுதினேன். கட்டம் கட்டமாக அழகாக இருக்க வேண்டும் என்பதால் 196, 179, 218, 191 என்று கோடுகளும் மூலைகளும் ஆல்ட் போட்டுத் தட்டியது நினைவிருக்கிறது. திரையில் பார்த்தால் அச்சாபீஸ் பில் மாதிரி இருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தால் கோட்டுக்குப் பதில் சாய்ந்த ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து விழும்! அந்தக் கால பிரிண்டர்களில் உள்ளே குட்டிக் குட்டி ஸ்விட்ச்சுகள் உண்டு. மேல் 128 இடங்களைச் சாய்வெழுத்தாக அடிப்பதா, கோடுகளாக அடிப்பதா என்று தீர்மானிப்பது அதில் ஒன்று. சாய்வெழுத்து என்று வைத்திருந்தால் ஒவ்வொரு எண்ணிலும் 128-ஐக் கழித்து, அந்த எழுத்தைச் சாய்த்து அடிக்கும். 205-வது இடத்து இரட்டைக்கோடு 77-க்குரிய 'எம்' ஆகிவிடும். 179-வது இடத்து நெடுங்கோடு 51-க்குரிய மூன்று. ஸ்விட்ச்சைத் தள்ளியதும் சரியாயிற்று.

அந்தப் பில்லை ஒருநாள் கணக்குப்பிள்ளையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். எந்தெந்தக் குறியெல்லாம் பொறிக்குள் இருக்கிறது என்று அச்சடித்த 256 உருவப் பட்டியலையும் வாங்கிப் பார்த்தார். "எல்லாந்தான் இருக்கு. சீட்டாட்டம்கூட இருக்கு. நம்ம ரூவா எங்க தம்பி?" என்றார்.

அந்தப் பட்டியலின் 158-வது இடத்தில் ஸ்பெயின் நாட்டுப் பெசேட்டாவுக்கு ஒரு குறி இருந்தது. யென்னுக்கு 157, டாலரின் செண்ட்டுக்கு 155. இத்தனை கோடிப் பேர் புழங்கும் ரூபாய்க்கு இல்லை. பெசேட்டா 2002-ல் யூரோ வந்ததும் செத்துப்போனது. 158-ல் அதன் குறி மட்டும் பத்திரமாக இருக்கிறது, ஹூம்.

இனி தமிழுக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஆங்கிலத்துக்கு 128 கொடுத்த பிறகு மிச்சம் 128. எப்படி அடைப்பது? எழுத்தை உடைத்தார்கள். கொம்பு, இரட்டைக்கொம்பு, கால், சங்கிலி எல்லாம் தனித்தனித் துண்டு. உகர, ஊகார வரிசை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விதமாகச் சுழிப்பதால் அதை மட்டும் உடைக்க முடியாது, 36-ஐயும் முழுசாக வைக்க வேண்டும். நீங்களே கூட்டிப் பாருங்கள்: உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகரமேறியது 18, உகர ஊகாரம் 36, துண்டுகள் 8, டி டீ 2, கிரந்த எழுத்து ஐந்தும் புள்ளி வைத்தும் வைக்காமலும் 10, ஸ்ரீ 1. மொத்தம் 106. அடங்கிவிட்டது! இந்தக் கணக்கைத்தான் உலகத்தின் பல மூலைகளில் ஆளாளுக்குத் தனித்தனியாகப் போட்டார்கள். கனடாவில் ஸ்ரீநிவாசன் 1984-ல் டாஸில் ஓடும் 'ஆதமி'யைக் கொண்டுவந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் 'முரசு'. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்'. புனேயில் சி-டாக் ஒரு தனி அட்டையையே செய்து பொட்டிக்குள் செருகச் சொன்னது. வெளிநாட்டில் இருந்தவர்கள் இதில் முந்திக்கொண்டதற்குக் காரணம் ரொம்ப எளிது என்பது என் அபிப்பிராயம். பொட்டி அவர்கள் வீட்டில் இருந்தது, ஊர் தூரத்தில் இருந்தது.

ஆளாளுக்குப் போட்டதால் வந்த வினை, ஒருவர் வைத்த இடத்தில் இன்னொருவர் வைக்கவில்லை. இலங்கைத் தமிழர்களிடையே பரவிய பாமினி எழுத்துருவில் தமிழ்த் தட்டச்சு வரிசையை ஆங்கில எழுத்துகளின் மேலேயே உட்கார வைத்தார்கள். அதில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத பொட்டியில் திறந்தால் அம்மா அப்படித்தான் தெரிவாள். விசையில் இடம் கிடைக்காத எழுத்துகளுக்கு மறுபடி ஆல்ட்தான். விண்டோசில் முன்னால் ஒரு சுழியம் சேர்த்து 0 போட்டு அடிக்க வேண்டும், ஏனென்றால் விண்டோசின் பட்டியல் வேறு. டாஸில் 171-ல் இருந்த அரை, விண்டோசில் 0189. கால் 0188, முக்கால் 0190.

இந்த மூன்று எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1990-களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி 'திஸ்கி' என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அதில் முக்கியமானவர், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. அந்தத் திஸ்கியில் 188-ல் ட, 189-ல் ண, 190-ல் த. அதாவது எழுத்துரு இல்லாமல் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ¾ என்று ஆரம்பிக்கும். 'வணக்க'த்தின் நடுவில் ½ இருக்கும். நம் பின்னங்களுக்கு இடம் கேட்டுப் போன இடத்தில், இருந்த பின்னங்களையும் இடித்துவிட்டு எழுத்துகளைக் குடியேற்ற வேண்டியதாயிற்று. வேறு வழியும் இல்லை. 173-ல் முதலில் 'இ' வைத்திருந்தார்கள். அந்த இடம் வரி முறியும்போது மட்டும் தெரியும் இணைப்புக்கோட்டுக்கானது என்பதால், சில மென்பொருள்கள் 'இ'யை விழுங்கிவிடும். பிறகு அதை 254-க்கு மாற்றினார்கள்.

அதே காலத்தில், 1999 பிப்ரவரியில், சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. விசைப்பலகை நின்றது, மற்ற இரண்டும் நிற்கவில்லை. ஒருங்குறி 1991-லிருந்தே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணப் பொட்டியில் அது ஓடியது. 2010-ல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தது.

நான் வெளிநாடு வந்த புதிதில் அம்மாவுக்குத் தமிழில் அடித்து, பிரிண்ட் எடுத்துத் தபாலில் போடுவேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அந்தக் கோப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் ஐரோப்பியக் கொம்பெழுத்துகளும் முக்காலும் அரையுமாக ஒரு பக்கம் நிறையத் தெரியும். சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி மாற்றிகளை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களால் நிறையப் பேருடைய எழுத்து பிழைத்தது, என்னுடையதும். உங்கள் வீட்டிலும் பழைய ஃப்ளாப்பியிலோ சீடியிலோ இப்படி ஏதாவது இருந்தால் இப்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே செய்வது நல்லது.

கணக்குப்பிள்ளையின் குறிகள்? ௳ முதல் ௹ வரை 2003-ல் ஒருங்குறி 4.0-ல் ஏறின. தமிழ்ச் சுழியம் 2005-ல். தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் வரைந்த புது ரூபாய்க்குறியை 2010 ஜூலை 15-ல் இந்திய அரசு ஏற்றது, அந்த வருடமே ஒருங்குறியிலும் வந்துவிட்டது. மலையாளத்தின் கால், அரை, முக்கால் 2008-ல் ஏறின. தமிழின் அரைக்கால், மாகாணி, முந்திரி எல்லாம் ஸ்ரீரமண சர்மா போன்றவர்களின் முன்மொழிவுகள், பல வருட விவாதங்கள் எல்லாம் தாண்டி, 2019 மார்ச்சில் ஒருங்குறி 12.0-ல் மொத்தம் 51 குறிகளாக வந்து சேர்ந்தன. எங்கள் ஊர்க் காகிதத்தில் ஒரே பக்கத்தில் இருந்த மலையாள அரைக்கும் தமிழ் அரைக்கும் நடுவே பதினொரு வருடம்!

அவற்றை இங்கே அடித்துக் காட்டலாம்தான். ஆனால் அந்த 51-க்கும் உருவம் வைத்திருக்கும் எழுத்துரு உங்கள் பொட்டியில் இல்லையென்றால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நோட்டோ வரிசையில் தமிழ்ச் சேர்க்கைக்கென்று தனி எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளையின் நோட்டுகளில் இரண்டு அப்பாவிடம் இருந்து என்னிடம் வந்திருக்கின்றன. ஒன்றைப் பாதி அடித்துவிட்டேன். ஏலக்காய் விலை, ஆள்கூலி, கடைப்பாக்கி, எல்லாம் அவர் போட்ட குறியிலேயே.