தோலில் பிறந்த மேற்சுரங்கள்

தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு, அதன் அதிர்வெண்ணுக்கு இரு மடங்கும் மும்மடங்கும் உடைய மேற்சுரங்கள் எழும். செவி அவற்றை ஒரே இசையாய் ஏற்கும். சீராக இழுத்துக் கட்டிய வெறுந்தோலுக்கு இவ்வொழுங்கு இல்லை. அதன் மேற்சுரங்கள் ஏறத்தாழ 1.59, 2.14 மடங்குகளாய்ச் சிதறும்.

ஆயின் மிருதங்கம் சுரம் பேசுவது எங்ஙனம்? 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் கல்கத்தாவில் ஆராய்ந்து, 1920-இல் ‘நேச்சர்’ இதழில் விடை பகர்ந்தார். வலந்தலையின் நடுவிலுள்ள கரணையின் எடையே மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்னும் வரிசையில் நிறுத்துகின்றது. 1933-இல் பெங்களூர் வந்தவர், மறு ஆண்டே தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஏட்டில் இதனை விரித்தெழுதினார்.

எனினும் கரணையைப் படலம் படலமாய் இட்டுத் தேய்த்து, செவியையே அளவுகோலாக்கி இவ்வொழுங்கை முதலிற் கண்ட கைவினைஞர் யாவர்? வரலாறு அவர் பெயரைக் குறித்து வைக்கவில்லை.

தங்கவயல் தமிழராகிய நமக்கு இது புதிதன்று. 2001-இல் மூடப்பட்ட சுரங்கங்களின் பொன்னுக்குக் கணக்குண்டு. அதனை அகழ்ந்த நம் முன்னோருள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அவற்றைத் தேடி எழுதுதல் நம் கடன்.