திங்கள் இரவுப் போட்டி: அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரு மல்யுத்த நிறுவனங்கள், 1984–2001

1948ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் கூடிய மல்யுத்த அமைப்பாளர்கள் சிலர், தேசிய மல்யுத்தக் கூட்டணி என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனர். ஆளுக்கொரு வட்டாரம்; ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை; உலக சாம்பியன் பட்டம் மட்டும் எல்லாருக்கும் பொது. பல பத்தாண்டுகள் இந்த ஏற்பாட்டில்தான் தொழில் நடந்தது. தொலைக்காட்சிக்கு அதில் கிடைத்த வேலை விளம்பரம் மட்டுமே. உள்ளூர் நிலையத்தின் சிறிய அரங்கில் வாரம் ஒருமுறை படப்பிடிப்பு நடக்கும். பெயர்பெற்ற வீரர் ஊர்பேர் தெரியாத ஒருவரை ஐந்து நிமிடத்தில் வீழ்த்திவிட்டு, ஒலிவாங்கி முன் நின்று தன் எதிராளிக்குச் சவால் விடுவார். அந்த எதிராளியோடு அவர் மோதுவதைக் காண வேண்டுமானால் அடுத்த வாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு அரங்குக்குப் போக வேண்டும். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட ஆட்டம்தான் என்றாலும், பெரிய மோதலை இலவசமாகக் காட்டுவதில்லை என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. பின்னாளில் இரு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு மீறியது இந்த விதியைத்தான்.

எல்லைக்கோடுகளை முதலில் அழித்தவர் வின்ஸ் மக்மேன். 1982இல் தந்தையிடமிருந்து நியூயார்க் வட்டார நிறுவனத்தை விலைக்கு வாங்கிய அவர், கேபிள் டிவி நாடு முழுவதும் பரவிக்கொண்டிருந்ததைக் கணக்கில் எடுத்து, பிற வட்டாரங்களின் வீரர்களையும் ஒளிபரப்பு நேரங்களையும் ஒவ்வொன்றாகக் கைப்பற்றினார். ஹல்க் ஹோகன் மின்னசோட்டாவிலிருந்து அப்படி வந்தவர்தான். 1984 ஜூலை 14 அன்று, டெட் டர்னருக்குச் சொந்தமான டி.பி.எஸ். அலைவரிசையில் ஜார்ஜியா மாநில மல்யுத்தத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் திரையில் மக்மேனைக் கண்டனர். ஜார்ஜியா நிறுவனத்தின் பங்குகளை அவர் வாங்கிவிட்டிருந்தார். தெற்கத்திய ரசிகர்களுக்கு நியூயார்க் பாணியின் பகட்டு பிடிக்கவில்லை. அலைவரிசைக்குப் புகார்கள் குவிந்தன. டர்னரும் நிம்மதியாக இல்லை. 1985இல் அந்த நேரத்தை வட கரோலினாவின் ஜிம் கிராக்கெட்டுக்கு 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு மக்மேன் வெளியேறினார். அதே ஆண்டு மார்ச் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ‘ரெஸில்மேனியா’ நடந்தது.

அடுத்த மோதல் ‘பே-பர்-வியூ’ எனப்படும் கட்டண ஒளிபரப்பில் மூண்டது. 1987 நவம்பரில், கிராக்கெட்டின் ஆண்டு விழாவான ‘ஸ்டார்கேட்’ நடக்கவிருந்த அதே நாளில் மக்மேன் ‘சர்வைவர் சீரிஸ்’ என்ற புதிய நிகழ்ச்சியை அறிவித்தார். அத்தோடு, ‘ஸ்டார்கேடை’ ஒளிபரப்பும் கேபிள் நிறுவனத்துக்கு அடுத்த ‘ரெஸில்மேனியா’ கிடையாது என்றும் சொல்லிவிட்டார். கிராக்கெட் பக்கம் நின்ற கேபிள் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிராக்கெட்டின் பதிலடி 1988 மார்ச் 27 அன்று வந்தது. நான்காவது ‘ரெஸில்மேனியா’ கட்டணத்துக்கு ஓடிய அதே நாளில், ரிக் ஃபிளேரும் ஸ்டிங்கும் 45 நிமிடம் மோதிச் சமநிலையில் முடித்த ஆட்டத்தை டி.பி.எஸ். இலவசமாகக் காட்டியது. ஸ்டிங் ஒரே நாளில் நட்சத்திரமானார். ஆனால் கிராக்கெட்டின் கடன் தீரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் டர்னரின் நிறுவனமே அவருடைய மல்யுத்த நிறுவனத்தை வாங்கியது. அதுவே பிறகு வேர்ல்டு சாம்பியன்ஷிப் ரெஸ்லிங், சுருக்கமாக டபிள்யூ.சி.டபிள்யூ., ஆனது.

இந்த விற்பனையோடு போட்டியாளர்களின் தன்மை அடியோடு மாறியது. ஒரு பக்கம், மல்யுத்தத்தைத் தவிர வேறு பிழைப்பில்லாத, மக்மேன் குடும்பத்தின் கையிலிருந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். மறுபக்கம், செய்தியும் திரைப்படமும் பேஸ்பாலும் நடத்திய பெருநிறுவனத்தின் ஒரு துறை. முதலாமவருக்குச் சொந்த அலைவரிசை இல்லை. இரண்டாமவருக்கு அலைவரிசையும் பணமும் இருந்தன, தொழில் தெரிந்த தலைமை இல்லை. இரண்டு குறைகளில் எது உயிரைக் குடிக்கும் என்பது தெரிய 13 ஆண்டுகள் ஆயின.

1993 ஜனவரி 11 அன்று மக்மேன் யு.எஸ்.ஏ. நெட்வொர்க்கில் திங்கள்தோறும் ‘ரா’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் நெருக்கியடித்த கூட்டத்தின் நடுவே நடந்த நிகழ்ச்சி அது. ஆனால் காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. வீரர்களுக்கு ஸ்டீராய்டு வழங்கச் சதி செய்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 1994 ஜூலையில்தான் அவர் விடுதலையானார். அதற்குச் சற்று முன்பே ஹோகன் டர்னர் பக்கம் போய்விட்டிருந்தார். அவரைக் கொண்டுவந்தவர் எரிக் பிஷாஃப். நிகழ்ச்சி அறிவிப்பாளராகச் சேர்ந்து 1993இல் டபிள்யூ.சி.டபிள்யூ.வின் பொறுப்பை ஏற்றவர் அவர். மக்மேனை எதிர்க்க என்ன வேண்டும் என்று டர்னர் கேட்டபோது, முன்னிரவில் நல்ல நேரம் வேண்டும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டதாகவும், டி.என்.டி. அலைவரிசையின் திங்கள் இரவை டர்னர் அங்கேயே தூக்கிக் கொடுத்துவிட்டதாகவும் பிஷாஃப் பின்னாளில் கூறினார். அலைவரிசையின் முதலாளியே மல்யுத்த நிறுவனத்துக்கும் முதலாளியாக இருந்ததால்தான் அது ஒரே பேச்சில் முடிந்தது.

அந்த நேரத்துக்கான ‘நைட்ரோ’ நிகழ்ச்சி 1995 செப்டம்பர் 4 அன்று மின்னசோட்டாவின் மால் ஆஃப் அமெரிக்கா வணிக வளாகத்தில், கடைகளுக்கு நடுவே தொடங்கியது. டென்னிஸ் ஒளிபரப்பின் காரணமாக அன்று ‘ரா’ இல்லை. நிகழ்ச்சியின் நடுவில் லெக்ஸ் லூகர் உள்ளே நடந்து வந்தார். முந்தைய நாள்கூட மக்மேனின் மேடையில் ஆடியவர். ஒப்பந்தம் முடிந்திருந்தது மக்மேன் தரப்பின் கவனத்தில் பெரிதாகப் பதியவில்லை. வீரர் ஒருவர் நிறுவனம் மாறுவதற்கு முன் தோற்றுவிட்டுப் போவதும், சில வாரம் கழித்து வேறிடத்தில் தோன்றுவதும் வழக்கம். ஒரே நாளில் திரை மாறியது ரசிகர்களை உலுக்கியது. அடுத்த வாரம் முதல் இரு நிகழ்ச்சிகளும் ஒரே நேரத்தில் மோதின. அந்த ஆண்டு டிசம்பரில் மக்மேனின் மகளிர் சாம்பியனாயிருந்த அலண்ட்ரா பிளேஸ், தன் பெல்ட்டோடு ‘நைட்ரோ’வுக்கு வந்து அதை நேரலையில் குப்பைத்தொட்டியில் போட்டார்.

செலவு மிச்சமாகட்டும் என்று ‘ரா’ ஒரு வாரம் நேரலையாகவும், பிறகு வரும் வாரங்களுக்கு அதே அரங்கில் முன்பதிவாகவும் தயாரிக்கப்பட்டது. ‘நைட்ரோ’ வாரந்தோறும் நேரலை. இந்த வேறுபாட்டை பிஷாஃப் ஆயுதமாக்கினார்: தன் நிகழ்ச்சி தொடங்கியதும், எதிர் அலைவரிசையில் அன்று யார் வெல்லப்போகிறார் என்பதை வர்ணனையிலேயே போட்டுடைத்தார். ரேட்டிங் கணக்கு மறுநாள் வந்துவிடும். அலைவரிசை கிடைக்கும் வீடுகளில் எத்தனை விழுக்காடு பார்த்தது என்பது மட்டுமல்ல, கால் மணி நேரத்துக்குக் கால் மணி நேரம் எது ஏறியது, எது இறங்கியது என்பதும் அதில் தெரியும். வர்த்தக வெளியீடுகளில் மட்டும் வந்துகொண்டிருந்த இந்த எண்களை ரசிகர்களும் தேடிப் படிக்கத் தொடங்கினர். மல்யுத்தத்தில் எழுதி வைக்கப்படாத ஒரே முடிவு அதுவாக இருந்ததே காரணமாகலாம்.

1996 மே 27 அன்று ஸ்காட் ஹால் டிக்கெட் வாங்கிய பார்வையாளர் போலக் கூட்டத்திலிருந்து எழுந்து ‘நைட்ரோ’ மேடைக்கு வந்தார். இரு வாரம் கழித்து கெவின் நாஷ். இருவரும் மக்மேனிடம் ரேசர் ரமோன், டீசல் என்ற பெயர்களில் புகழ்பெற்றவர்கள். டர்னர் தரப்பு உறுதியான ஆண்டுச் சம்பளமும் குறைந்த வேலைநாள்களும் தந்தது. மக்மேனிடமோ வருமானம் அரங்க வசூலைப் பொறுத்தது. ஜூலை 7 அன்று பல ஆண்டுகளாகக் கதாநாயகனாக இருந்த ஹோகன் இவர்களோடு சேர்ந்து வில்லனாக மாற, ‘நியூ வேர்ல்டு ஆர்டர்’ பிறந்தது. பழைய நிறுவனத்தின் ஆட்கள் படையெடுத்து வந்திருக்கிறார்கள் என்ற தோற்றம் அத்தனை நம்பும்படி இருந்ததால் மக்மேன் நீதிமன்றத்துக்கே போனார். நிகழ்ச்சியின் மறுபாதியை ரே மிஸ்டீரியோ, எடி கெரேரோ போன்ற சிறிய உடலமைப்பு கொண்ட வேகமான ஆட்டக்காரர்கள் தாங்கினர். 1996 ஜூன் முதல் தொடர்ந்து 83 வாரம் ‘நைட்ரோ’ ரேட்டிங்கில் முந்தியது என்பது மல்யுத்த வரலாற்றில் நிலைத்துவிட்ட கணக்கு.

மக்மேனின் மீட்சி ஒரு திட்டத்தால் வந்ததல்ல. இழப்பிலிருந்தும் தற்செயலிலிருந்தும் வந்தது. 1995இல் டபிள்யூ.சி.டபிள்யூ. வேலையைவிட்டு அனுப்பிய ஸ்டீவ் ஆஸ்டின், மறு ஆண்டு ஜூனில் பேசிய ஒரு வெற்றிப் பேச்சால் முரட்டு நாயகனாக உயர்ந்தார். 1997 நவம்பர் 9 அன்று மான்ட்ரியலில், டர்னர் பக்கம் செல்லவிருந்த பிரெட் ஹார்ட், தன் நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க ஒப்பவில்லை. பெல்ட் மீண்டும் குப்பைத்தொட்டிக்குப் போய்விடுமோ என்ற அச்சம் மக்மேனுக்கு. ஹார்ட் சரணடையாத போதே மணியை அடிக்கச் சொல்லிப் பட்டத்தைப் பறித்தார். பேசி வைத்த முடிவை நிறுவனமே மீறிய அந்த இரவுக்குப் பிறகு ரசிகர்கள் மக்மேனை மனதார வெறுத்தனர். அதுவரை வர்ணனையாளராக மட்டுமே திரையில் தோன்றியவர், அந்த வெறுப்பையே முதலீடாக்கிக் கொடுங்கோல் முதலாளி என்ற பாத்திரமானார். முதலாளியை அடிக்கும் தொழிலாளியாக ஆஸ்டின் எதிரே நின்றார். குத்துச்சண்டை வீரர் மைக் டைசனும் 1998 தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். ஏப்ரல் 13 அன்று ஆஸ்டினும் மக்மேனும் மோதவிருந்த ‘ரா’ அந்த 83 வாரத் தொடரை முறித்தது. ஆபாசமும் வன்முறையும் இந்த ஏற்றத்தில் கணிசமான பங்கு வகித்தன. அதை மறைத்துக் கலைப்புரட்சியாக மட்டும் எழுதும் வரலாறுகள் அரைகுறையானவை. இந்தியாவில் கேபிள் பரவிய காலமும் இதுதான். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் புழங்கிய ‘டிரம்ப் கார்டு’களில் பெரும்பாலும் மக்மேனின் ஆட்களே இருந்தனர், இங்கே இந்தப் போட்டியின் மறுதரப்பைப் பலர் அறியவே இல்லை.

டர்னர் தரப்பின் பதற்றத்தை ஓர் ஆட்டம் தெளிவாகக் காட்டுகிறது. தோல்வியே காணாமல் வளர்ந்துவந்த கோல்ட்பர்க் ஹோகனோடு மோதுவது, கட்டண ஒளிபரப்பில் பெரும் வசூலை அள்ளக்கூடிய சரக்கு. 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கில், சுமார் 40,000 பேர் முன்னிலையில், அது ‘நைட்ரோ’வில் இலவசமாகக் காட்டப்பட்டது. சில நாள் முன்புதான் அறிவிப்பே வந்தது. கோல்ட்பர்க் வென்று சாம்பியனானார். அன்றைய ரேட்டிங் ‘ரா’வை வென்றது. ஆனால் ஆறே நாளில் அதே நிறுவனத்தின் கட்டண ஒளிபரப்பில் ஹோகன் ஆடியது, கூடைப்பந்து வீரர்களை வைத்த ஒரு வேடிக்கை ஆட்டத்தில். மாதக்கணக்கில் சேர்த்ததை ஒரு திங்கட்கிழமைக்காகச் செலவழித்த கணக்கு அது.

1999 ஜனவரி 4 இன்னும் மோசம். அதே ஜார்ஜியா டோமில் கோல்ட்பர்க், நாஷ் மோதுவார்கள் என்று விளம்பரம். ‘ரா’வோ ஒரு வாரம் முன் பதிவானது, அதில் மிக் ஃபோலி முதன்முறையாக உலக சாம்பியன் ஆகிறார். பிஷாஃபின் உத்தரவுப்படி வர்ணனையாளர் டோனி ஷியாவோனே இந்த முடிவைப் போட்டுடைத்து, இதற்குத்தான் அரங்கம் நிறையப்போகிறதா என்ற தொனியில் ஏளனம் செய்தார். ஒரு காதை மேடையிலேயே இழந்த, உடலைப் பணயம் வைத்து ஆடியே பெயர் வாங்கிய ஃபோலியின் வெற்றியைக் காணப் பல லட்சம் பேர் உடனே அலைவரிசையை மாற்றினர் என்று சொல்லப்படுகிறது. திரும்பி வந்தவர்கள் கண்டது வேறு: கோல்ட்பர்க் கதைப்படி கைதாகிவிட, அவருக்குப் பதில் வந்த ஹோகன் தன் ஒற்றை விரலால் நாஷின் நெஞ்சைத் தொட்டார், நாஷ் மல்லாந்து விழுந்தார், அதற்குள் நாஷிடம் போயிருந்த பட்டம் கைமாறியது. அன்று ‘ரா’ 5.7, ‘நைட்ரோ’ 5.0. ஃபோலிக்காகவே வந்து உட்கார்ந்தோம் என்ற அட்டைகள் பிறகு ‘ரா’ அரங்குகளில் முளைத்தன. ‘நைட்ரோ’ அதன் பின் மீளவில்லை.

வீழ்ச்சிக்கு ஹோகன் ஒருவரைக் குற்றம் சொல்வது எளிது. அவருடைய ஒப்பந்தம் தன் கதையைத் தானே தீர்மானிக்கும் உரிமையை அவருக்குத் தந்திருந்தது உண்மை. ஆனால் அத்தகைய ஒப்பந்தங்களை எழுதியது நிறுவனம். 1998இல் ‘நைட்ரோ’வை மூன்று மணி நேரமாக்கி, வியாழனுக்கு ‘தண்டர்’ என்று இன்னொன்றையும் சேர்த்து, தீர்ந்துகொண்டிருந்த சரக்கை மேலும் மெலிதாக்கியது அலைவரிசையின் பசி. 1996இல் டைம் வார்னரோடு இணைந்த பிறகு டர்னரின் சொல்லுக்கு முந்தைய வலிமை இல்லை. 1999 செப்டம்பரில் பிஷாஃப் விலக்கப்பட்டார். மக்மேனின் எழுத்தாளர் வின்ஸ் ரூசோ வந்தார். கெரேரோ உள்ளிட்ட நால்வர் மறுதரப்புக்குப் போயினர். 2000 ஏப்ரலில் டேவிட் ஆர்க்கெட் என்ற திரைப்பட நடிகர் உலக சாம்பியனாக்கப்பட்டார். அந்த ஆண்டின் இழப்பு 6 கோடி டாலரைத் தாண்டியதாகக் கூறப்படுகிறது. இதற்கிடையே மக்மேன் 1999 அக்டோபரில் தம் நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் விற்றிருந்தார். இருவருக்கும் கீழே, ஃபிலடெல்ஃபியாவில் பால் ஹேமன் நடத்திய ஈ.சி.டபிள்யூ. என்ற சிறு நிறுவனம்தான் ஆஸ்டின், ஃபோலி, கெரேரோ, மிஸ்டீரியோ எல்லாரும் வந்துபோன பட்டறை. இருவராலும் ஆள் இழந்தே 2001இல் அது திவாலானது.

ஏ.ஓ.எல்.–டைம் வார்னர் இணைப்பு 2001 ஜனவரியில் நிறைவேறியது. பிஷாஃப் கூட்டுச் சேர்ந்த ஒரு முதலீட்டுக் குழு டபிள்யூ.சி.டபிள்யூ.வை வாங்க முன்வந்திருந்தது. மார்ச்சில் டர்னர் அலைவரிசைகளின் புதிய தலைவர் ஜேமி கெல்னர், மல்யுத்தம் இனி இங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஒளிபரப்ப இடமில்லாத நிறுவனத்தை வாங்க அந்தக் குழு விரும்பவில்லை. பெயர், ஒளிப்பதிவுக் களஞ்சியம், சில வீரர்களின் ஒப்பந்தங்கள் ஆகியவற்றை மக்மேன் 30 லட்சம் டாலருக்கும் குறைவாக வாங்கினார். 1985இல் ஒற்றை ஒளிபரப்பு நேரத்துக்கே கிராக்கெட் கொடுத்தது 10 லட்சம். மார்ச் 26 அன்று ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் கடைசி ‘நைட்ரோ’ நடந்தது. ஃபிளேரும் ஸ்டிங்கும் 1988 போலவே எதிரெதிரே நின்றனர். கிளீவ்லாந்தில் ‘ரா’ மேடையில் நின்ற மக்மேன் இரு அலைவரிசைகளிலும் ஒரே நேரத்தில் பேசினார்.

வென்றவர் எதிர்பார்த்த லாபம் முழுதாக வரவில்லை. ‘நைட்ரோ’வின் பார்வையாளர்கள் ‘ரா’வுக்கு இடம்பெயரவில்லை, பெரும்பாலோர் மல்யுத்தம் பார்ப்பதையே விட்டுவிட்டனர். கோல்ட்பர்க், ஸ்டிங், நாஷ் போன்றோரின் ஒப்பந்தங்கள் தாய் நிறுவனத்திடமே தங்கியதால், 2001இல் நடத்திய ‘படையெடுப்பு’க் கதையில் படையெடுக்கத் தக்க ஆளில்லை. பின்வந்தவர்களின் முயற்சிகள் சிறியவை. டி.என்.ஏ. நிறுவனம், ஹோகனையும் பிஷாஃபையும் சேர்த்துக்கொண்டு, 2010இல் திங்கள் இரவுக்கு வந்து சில மாதங்களிலேயே பின்வாங்கியது. 2019 அக்டோபரில் ஏ.இ.டபிள்யூ. நிறுவனம் பழைய டி.என்.டி. அலைவரிசையிலேயே புதன்தோறும் ‘டைனமைட்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. எதிரே நிறுத்தப்பட்ட மக்மேனின் ‘என்.எக்ஸ்.டி.’ பெரும்பாலான வாரங்களில் தோற்று, 2021 ஏப்ரலில் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றப்பட்டது.