ஜீப் விற்ற காசில் கப்பல் டிக்கெட்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது அமெரிக்க ராணுவத்தின் சரக்கு பாதி உலகத்தில் இறைந்து கிடந்தது. ஜீப், லாரி, புல்டோசர், கூடாரத் துணி, கம்பளி, மருந்து, டப்பாவில் அடைத்த இறைச்சி. பிரான்சிலும் இத்தாலியிலும் பிலிப்பைன்சிலும் பர்மாவிலும் கிடங்கு கிடங்காக நின்ற இந்த டிஸ்போசல் சரக்கைத் திருப்பி ஏற்றிப் போகலாமென்றால், கப்பல் கூலி சரக்கின் விலையை விழுங்கிவிடும். அப்படியே ஏற்றிப் போனாலும், போர் முடிந்து மறுபடி கார், லாரி செய்யக் காத்திருந்த அமெரிக்க முதலாளிகளின் பிழைப்பில் மண் விழும். இருந்த இடத்திலேயே விற்பதுதான் வழி.

வாங்க ஆள் இருந்தது. பாலம் உடைந்து, தண்டவாளம் பிய்ந்து கிடந்த நாடுகளுக்கு ஜீப்பும் புல்டோசரும் தங்கத்துக்குச் சமம். ஆனால் அவற்றிடம் டாலர் இல்லை. பிராங்கும் லிராவும் ரூபாயும் தரலாம். அந்தப் பணத்தை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? டாலராக மாற்ற முடியாது. அந்தந்த நாட்டுக்குள்தான் செலவழிக்க முடியும். விற்றும் கைக்கு வராத காசு.

இந்த வராத காசின் மேல் ஒருவருடைய கண் விழுந்தது. ஆர்கன்சா மாநிலத்திலிருந்து செனட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஜே. வில்லியம் ஃபுல்பிரைட்.

அவர் அந்த நாற்காலிக்கு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. ஃபாயட்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று 1925இல் ஆக்ஸ்போர்டின் பெம்ப்ரோக் கல்லூரிக்குப் போனார். சுரங்கமும் வைரமுமாகச் சேர்த்த சொத்தை செசில் ரோட்ஸ் உயிலில் எழுதிவைத்ததால் பிறந்த உதவித்தொகை அது. மூன்று வருடம் அடுத்தவர் காசில் வெளிநாட்டில் படித்தது தன்னை எப்படி மாற்றியது என்று பின்னாளில் ஃபுல்பிரைட் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பியவர் 34 வயதிலேயே ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1941இல் ஆளுநர் ஹோமர் அட்கின்ஸ் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். ஃபுல்பிரைட்டின் தாயார் ராபர்ட்டா உள்ளூர்ப் பத்திரிகை நடத்தி, அதில் ஆளுநரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். மகனுக்கு விழுந்த அடியில் அதற்கும் பங்குண்டு. மகன் அரசியலில் குதித்தார். 1944இல் செனட் இடத்துக்கான கட்சித் தேர்தலில் அவர் தோற்கடித்தவர்களில் அந்த அட்கின்சும் ஒருவர். பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்படாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

1945 செப்டம்பர் 27ஆம் தேதி அவர் கொண்டுவந்த மசோதாவில் உணர்ச்சி பொங்கும் வார்த்தை ஒன்றும் இல்லை. உபரிச் சொத்துகளை விற்பதற்கென்று 1944இல் போட்ட சட்டத்துக்கு ஒரு திருத்தம், அவ்வளவுதான். வெளிநாட்டில் சரக்கு விற்று வரும் உள்ளூர்ப் பணத்தில் ஒரு பங்கை, அந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டு, மாணவர், ஆசிரியர் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்றது. மக்களின் வரிப்பணத்திலிருந்து புதிதாக ஒரு டாலரும் கேட்கவில்லை.

யோசனை அவர் மூளையில் மட்டும் முளைத்தது என்று சொல்ல முடியாது. முன்மாதிரிகள் இருந்தன. பாக்சர் கலகத்துக்கு ஈடாகச் சீனாவிடம் பிடுங்கிய தொகையில் மிஞ்சியதைத் திருப்பித்தர அமெரிக்கா 1908இல் முடிவெடுத்தது. அந்தப் பணத்தில்தான் சீன மாணவர்கள் அமெரிக்கா போனார்கள், பீக்கிங்கில் சிங்ஹுவா எழுந்தது. முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்குச் சோறு போட ஹெர்பர்ட் ஹூவர் திரட்டிய நிதியின் மிச்சம் 1920இல் இரு நாட்டு மாணவர்களுக்கான அறக்கட்டளையானது. எதிர்மறைப் பாடமும் உண்டு: அதே போரின் கடனை வசூலிக்கப் போய், நேச நாடுகளோடு அமெரிக்கா இருபது வருடம் மனக்கசப்பில் கிடந்தது. வராத கடனுக்குப் பகையை வளர்ப்பதைவிட நாலு பேரைப் படிக்கவைக்கலாம் என்பதே ஃபுல்பிரைட் கணக்கு. எதிர்க்கட்சிக்காரரான முன்னாள் குடியரசுத் தலைவர் ஹூவரின் ஆதரவையும் கேட்டு வாங்கினார்.

மசோதாவை அவர் நிறைவேற்றிய விதம், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் சத்தமில்லாமல் மொய் எழுதிவிட்டு நழுவுவதுபோல. முழக்கம் இல்லை, விவாதம் இல்லை. உறுப்பினர்கள் குறைவாக இருந்த வேளையில், எதிர்ப்புக் குரலின்றி ஒருமித்த சம்மதமாக செனட்டைத் தாண்டியது. டென்னசியின் மூத்த உறுப்பினர் கென்னத் மெக்கெல்லர் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு, விஷயம் புரிந்திருந்தால் அன்றே கொன்றிருப்பேன், நம் பிள்ளைகளை அந்நியச் சித்தாந்தங்களுக்கு நடுவே அனுப்புவதா என்று பொருமியதாக ஃபுல்பிரைட்டே சிரித்தபடி சொல்வாராம். 1946 ஆகஸ்ட் 1ஆம் தேதி குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டார்.

சட்டத்தின் உட்பிரிவுகளை நிதானமாகப் படித்தால், பணம் வந்த வழிதான் உதவித்தொகையின் உருவத்தையே தீர்மானித்தது தெரியும். ஒரு நாட்டில் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் மதிப்புக்கு மேல் செலவிடக் கூடாது. ஓர் ஒப்பந்தத்தில் மொத்தம் 2 கோடி டாலரைத் தாண்டக் கூடாது. அமெரிக்கர்களில் போரில் பணியாற்றியவர்களுக்கு முன்னுரிமை. யாருக்குத் தருவது என்பதைக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் பத்துப் பேர் கொண்ட வாரியம் முடிவு செய்யும். வெளியுறவுத் துறை அதிகாரிகள் கையில் தேர்வு இருக்கக் கூடாது.

பாரிசுக்குப் போகும் அமெரிக்க மாணவருக்குச் சம்பளம், சாப்பாடு, புத்தகம், படிப்புக் கட்டணம் எல்லாம் பிராங்கில் கொடுக்கலாம். பிராங்குதான் கைவசம் இருக்கிறதே. பாரிசிலிருந்து பாஸ்டனுக்கு வரும் பிரெஞ்சு மாணவருக்கு? அவருக்கு டாலர் வேண்டும், சட்டத்தில் டாலர் இல்லை. எனவே பயணச் செலவு மட்டும். அதுவும் அவர் வந்து சேர்வதால் எந்த அமெரிக்கரின் கல்லூரி இடமும் பறிபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு. முன்னாள் படைவீரர்கள் அரசு உதவியோடு கல்லூரிகளில் குவிந்துகொண்டிருந்த காலம் அது. ஆக, அமெரிக்கர் முழுச் செலவோடு போவார். மற்றவர் டிக்கெட்டோடு வருவார். வந்த இடத்தில் வயிற்றுக்கு வழி, பல்கலைக்கழகம் தரும் உதவியாசிரியர் வேலையோ வேறொரு நிதியோதான். 1948இல் வந்த ஸ்மித்-மண்ட் சட்டம் டாலரில் நல்கை தர வழி செய்த பிறகே ஓட்டை ஓரளவு அடைபட்டது. இன்றும் ஆய்வுப் படிப்புக்கு அமெரிக்கா போகிறவர்கள் ஒரு கையில் பயண நல்கையும் மறு கையில் பல்கலைக்கழக உதவியுமாகக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கும்போது, இந்தப் பழைய கணக்கு நினைவுக்கு வருகிறது.

முதல் ஒப்பந்தம் 1947 நவம்பரில் சீனாவோடு, அடுத்தது டிசம்பரில் பர்மாவோடு. இரண்டிலுமே சரக்கு நிறையக் கிடந்தது. அமெரிக்கச் சீனவியல் அறிஞர் டெர்க் பாடி இந்த நல்கையில் 1948இல் பீக்கிங் போய்ச் சேர்ந்தார். பணவீக்கம் தலைவிரித்தாடிய ஊர்; சில மாதத்தில் கம்யூனிஸ்டுப் படை முற்றுகையிட்டு உள்ளே வந்தது. அவர் மொழிபெயர்ப்பு வேலையோடு அன்றாட நிகழ்ச்சிகளையும் குறித்துவைத்தார். அது ஒரு புத்தகமானது. சீனத் திட்டம் அத்தோடு படுத்துவிட்டது.

இந்தியாவோடு ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2ஆம் தேதி. நேருவும் அமெரிக்கத் தூதர் லாய் ஹெண்டர்சனும் கையெழுத்திட்டார்கள். மைசூரில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் 1959இல் பம்பாயில் கப்பலேறியது இதன் தயவில்தான். ஃபுல்பிரைட் பயண நல்கை ஒன்று, ஸ்மித்-மண்ட் நல்கை ஒன்று: டிக்கெட் ஒரு சட்டம், டாலர் ஒரு சட்டம். இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்து, சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நூலகத்தின் அடித்தளத்தில் தமிழ் இலக்கணப் புத்தகம் தேடியவர் கையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. 1967இல் அதிலிருந்து அவர் தேர்ந்த பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. சரக்கு விற்று வந்த காசு இங்கெல்லாம் போய்ச் சேருமென்று செனட்டில் கைதூக்காமல் உட்கார்ந்திருந்த எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வராத காசை இப்படிப் பயன்படுத்தும் வித்தை அதன்பின் அமெரிக்காவுக்குப் பழகிப்போனது. பி.எல். 480 என்ற சட்டப்படி இந்தியாவுக்குக் கோதுமை விற்று ரூபாயாகக் குவிந்த பணத்தில், 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் புத்தகங்களும் போயின. இங்கே கிடைக்காத பழைய பதிப்பு சிகாகோவில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதில் பொறாமை கொஞ்சம், உண்மை நிறைய.

ஃபுல்பிரைட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகத்தாரை ஒருவரோடு ஒருவர் பழகவைக்க நினைத்த அதே மனிதர், வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து 1956இல் தென் மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டார். 1964இல் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். கம்யூனிஸ்டு வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுவுக்குப் பணம் ஒதுக்குவதை 1954இல் செனட்டில் தனியாளாக எதிர்த்தவரும் அவரே. வியட்நாம் போரைக் கேள்வி கேட்டவரும் அவரே. ஊர் வாக்குக்குப் பயந்தார் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை.

போர்ச் சரக்குப் பணம் எத்தனை காலம் வரும்? நாட்டுக்கு நாடு தீரத் தொடங்கியது. 1961இல் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் வந்து, திட்டத்துக்கு வருடாந்திர நிதி ஒதுக்கீட்டில் உறுதியான இடம் தந்தது. மற்ற நாடுகளும் பங்கு போட வழி பிறந்தது. 2008இல் போட்ட புது ஒப்பந்தத்தில் இந்தியா சம பங்காளியாகி, நல்கையின் பெயரில் நேருவும் சேர்ந்தார்.

வரிப்பணமாக மாறியதில் ஒரு விலையும் இருந்தது. டிஸ்போசல் காசாக இருந்தவரை அதன் பக்கம் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வருடா வருடம் நாடாளுமன்றத்தில் கை நீட்ட ஆரம்பித்த பிறகு, கொடுக்கிறவர்கள் யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2025 ஜூனில், தாங்கள் தேர்ந்தெடுத்த பலரை அரசு நீக்கிவிட்டது, சட்டம் தங்களுக்குத் தந்த அதிகாரம் பறிபோகிறது என்று சொல்லி வாரிய உறுப்பினர்கள் ஏறக்குறைய எல்லோரும் பதவி விலகினார்கள்.