குடித்தவன் பிழையா, கொடுத்தவன் பிழையா?

கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதன் பத்துக் குறளிலும் குடிப்பவனைப் பற்றியே பேசுகிறார். விற்பவனைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அது பொருத்தமே. தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியவனிடம் பேசுவது அறநூல். சட்டத்தின் வேலை வேறு. நடந்துவிட்ட கேட்டுக்கு யார் ஈடு செய்வது என்பதே அதன் கேள்வி. குடித்துத் தள்ளாடும் ஒருவனால் பிறர்க்குத் தீங்கு நேர்ந்தால், அவனுக்கு மேலும் மேலும் ஊற்றிக் கொடுத்த கடைக்காரனும் பொறுப்பாளியா? இக்கேள்விக்கு விடை தேடி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டம் நடந்த வழி மிக நீண்டது. அவ்வழியில் முதலில் வந்து நின்றவர்கள் குடிகாரர்களின் மனைவியர் என்பது பலரும் அறியாத செய்தி.

இங்கிலாந்திடமிருந்து அமெரிக்கா பெற்றுக்கொண்ட பொதுச் சட்டம், அதாவது நீதிபதிகளின் தீர்ப்புகளாலேயே வளர்ந்த சட்டம், கடைக்காரன்மேல் பழி சுமத்தவில்லை. உடல்நலமுள்ள ஓர் ஆடவனுக்கு மது விற்பது தவறன்று. கேட்டுக்கு நேர்க்காரணம் குடித்ததே அன்றி விற்றது அன்று. கோப்பையை வாயில் வைத்தவன் அவனே. இவ்வாறு நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. மனைவிக்கோ இன்னொரு தடையும் இருந்தது. மணமான பெண்ணின் சட்ட உரிமைகள் கணவனுடைய உரிமைகளுக்குள் அடங்கிவிட்டன. அவள் தன் பெயரால் வழக்குத் தொடுக்க இயலாது. வாரக் கூலி முழுவதையும் மதுக்கடையில் கொட்டிவிட்டு வந்த கணவனுக்காக அவள் கடைக்காரன்மேல் வழக்காட விரும்பினால், யாரை முன்னிட்டுக்கொண்டு நீதிமன்றம் செல்வது? அந்தக் கணவனையேதான்!

இந்த முடிச்சை அவிழ்க்க முற்பட்டது விஸ்கான்சின் மாநிலம். அங்கே 1849ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மது விற்போர் பிணைப்பத்திரம் எழுதித் தரவேண்டும் என்றது. அவ்வணிகத்தால் வறியவராகிவிட்டோர்க்கும், கைம்பெண்களுக்கும், அநாதைக் குழந்தைகளுக்கும் ஆகும் செலவை அந்தப் பிணையிலிருந்து பெறலாம். மனைவி தன் பெயரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. 1853இல் இந்தியானாவும், 1854இல் ஒஹாயோவும், பின்னர் 1872இல் இல்லினாயும், 1873இல் நியூயார்க்கும் தத்தம் சட்டங்களை இயற்றின. உடலுக்கோ உடைமைக்கோ பிழைப்பு வழிக்கோ கேடுற்றவர் கடைக்காரனிடம் ஈடு பெறலாம் என்பது இவற்றின் சாரம். இம்மூன்றில் கடைசியாக நிற்கும் 'பிழைப்பு வழி' என்ற சொல்தான் மனைவிக்கும் மக்களுக்கும் உரியது. அவர்களை யாரும் அடிக்கவில்லை. அவர்கள் பொருளை யாரும் உடைக்கவில்லை. உலையில் இட வேண்டிய அரிசிதான் இல்லாமற் போயிற்று. அதனையும் ஒரு கேடாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று. டிராம் என்பது சாராயத்தை அளந்து கொடுக்கும் சிறு அளவை. அவ்வளவால் விற்ற கடை 'டிராம் கடை' எனப்பட்டது; இச்சட்டங்களும் 'டிராம் கடைச் சட்டங்கள்' என்றே பெயர் பெற்றன.

ஏட்டில் எழுதிய உரிமை எளிதில் கைக்கு வருவதில்லை. கடைக்காரனுக்கு ஊரில் செல்வாக்கு உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் குடிகாரன் மனைவியிடம் காசு ஏது? ஒஹாயோ தன் சட்டத்தை 1870இல் மேலும் வலுப்படுத்தியது. ஆயினும் அதனை ஊரறியச் செய்தவர் எலைசா ஸ்டுவர்ட் என்ற அம்மையார். 1816இல் பிறந்த அவர் ஆசிரியராகப் பணி புரிந்தவர். உள்நாட்டுப் போரின்போது படைவீரர்க்கு வேண்டிய பொருள்களைத் திரட்டி அனுப்பியதால் 'ஸ்டுவர்ட் அன்னை' என்று அழைக்கப்பட்டார். 1872இன் தொடக்கத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மதுவின் கேட்டைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய அவர், சில நாள்களில் அவ்வூர் நீதிமன்றத்துக்குச் சென்றார். குடிகாரன் ஒருவனின் மனைவி மதுக்கடைக்காரன்மேல் தொடுத்த வழக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது. அப்பெண்ணின் வழக்கறிஞர், அன்னையையே எழுந்து பேசுமாறு வேண்டினார். சட்டம் பயிலாத ஒரு பெண், ஆடவர் மட்டுமே அமர்ந்திருந்த ஜூரிகளுக்கு முன் வழக்கை எடுத்துரைத்தார். அக்காலத்தில் அம்மாநிலப் பெண்களுக்கு வாக்குரிமையும் இல்லை, ஜூரியாக அமரும் உரிமையும் இல்லை. தீர்ப்பு அந்த மனைவியின் பக்கம் வந்தது. 100 அமெரிக்க வெள்ளியும் வழக்குச் செலவும் அவளுக்குக் கிடைத்தன. பாழான ஒரு குடும்பத்தை நிமிர்த்த அத்தொகை போதாது என்பது உண்மையே. ஆனால் செய்தி பரவிற்று. மற்ற மனைவியரும் ஸ்டுவர்ட் அன்னையைத் தேடி வந்தனர். 1873இன் இறுதியில் ஒஹாயோப் பெண்கள் கூட்டங்கூட்டமாக மதுக்கடை வாயில்களில் சென்று நின்று இறைவேண்டல் செய்த கிளர்ச்சியும், 1874இல் கிளீவ்லாந்தில் தோன்றிய பெண்கள் மதுவிலக்குச் சங்கமும் இதனை அடுத்து வந்தவை.

கடைக்காரர்கள் வாளாவிருக்கவில்லை, கட்டட உரிமையாளரும் எதிர்த்து நின்றனர். நியூயார்க்கில் ஒருவன் ஹோட்டலில் குடித்துவிட்டுத் தந்தையின் குதிரையை வெறிகொண்டு ஓட்டினான். குதிரை மாண்டது. தந்தை வழக்குத் தொடுத்தது மகன்மேலும் அன்று, ஊற்றியவன்மேலும் அன்று. மது விற்கப்படும் என்று அறிந்தே கட்டடத்தை வாடகைக்கு விட்ட உரிமையாளர்மேல்! இது சொத்துரிமையைப் பறிக்கும் சட்டம், அரசியலமைப்புக்கு முரணானது என்று உரிமையாளர் வாதிட்டார். 1878இல் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்தில் நீதிபதி ஆண்ட்ரூஸ் அதனை மறுத்தார். மது வணிகத்தை அடியோடு தடுக்க வல்ல அரசுக்கு, அதனை அனுமதித்து இப்பொறுப்பைச் சுமத்தவும் அதிகாரம் உண்டு என்பது அவர் தீர்ப்பின் கருத்து. ஒரு குதிரையின் விலைக்காக நடந்த வழக்குத்தான் இச்சட்டங்களுக்கு அரண் ஆயிற்று.

1920 ஜனவரியில் நாடெங்கும் மதுவிலக்கு வந்தது. 1933 டிசம்பரில் நீங்கியது. கடையே இல்லாதபோது கடைச் சட்டம் எதற்கு? பல மாநிலங்கள் பழைய சட்டங்களை நீக்கிவிட்டன. ஆனால் கடைகள் மீண்டும் திறந்தபோது சாலையில் குதிரை இல்லை. மோட்டார் வண்டி ஓடிற்று.

நியூ ஜெர்சியில் 21 வயது நிரம்பாத ஓர் இளைஞனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கடைகள் மது கொடுத்தன. அவன் ஓட்டிய வண்டி மோதியதால் வேறொரு வண்டியில் வந்தவர் இறந்தார். அம்மாநிலத்தில் டிராம் கடைச் சட்டம் ஏதும் அப்போது இல்லை. ஆயினும் 1959இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், வழக்கை ஜூரிகளிடம் விடாமலே தள்ளுதல் தகாது என்றது. கடைக்கு வண்டியில் வருவதும் வண்டியில் திரும்புவதும் வழக்கமாகிவிட்ட காலத்தில், வெறியேறியவனுக்கு ஊற்றிக் கொடுப்பவன் விளையப்போவதை முன்னறிந்திருக்க வேண்டும் என்று நீதிபதி ஜேகப்ஸ் எழுதினார். நேர்க்காரணம் குடித்ததே என்ற பழைய கொள்கை அங்கே உடைந்தது. இவ்வழக்கைத் தொடுத்தவரும் ஒரு மனைவியே. ஆனால் குடித்தவனின் மனைவியல்லர், இறந்தவரின் மனைவி. வீட்டுக்காகப் பிறந்த சட்டம் சாலைக்கு வந்துவிட்டது.

கலிபோர்னியா 1971இல் இதே வழியில் சென்றது. மலைமேல் இருந்த ஒரு விடுதி, இரவு 10 மணி முதல் விடியற்காலை 5:15 வரை ஒருவருக்கு மது கொடுத்து, செங்குத்தான வளைவுப் பாதையில் வண்டியோட்ட விட்டது. விடுதிக்காரர் பொறுப்பாளி ஆகலாம் என்றது நீதிமன்றம். 1978இல் சட்டமன்றமோ அத்தீர்ப்பைத் துடைத்துவிட்டு, காரணம் குடித்ததே, கொடுத்ததன்று என்று மீண்டும் எழுதி வைத்தது. நூறாண்டுக்கு முந்திய சொற்களே மறுபடியும்!

குடித்தவனுக்கே கேடு நேர்ந்தால் என்ன? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், அடிக்கடி வெறியேறும் ஒருவரைத் துணையின்றி வந்தால் உபசரிக்கக் கூடாது என்று ஹோட்டல் பணியாளருக்குக் கட்டளை இருந்தது. 1968 ஜனவரியில் ஒரு நாள் அவருக்கு ஊற்றியும் கொடுத்தார்கள். பிறகு இரவில் வெளியேற்றியும் விட்டார்கள். நெடுஞ்சாலையில் நடந்த அவரைக் கார் ஒன்று மோதியது. 1973இல் நீதிபதி போரா லாஸ்கின் எழுதிய தீர்ப்பை ஏற்று, கனடா உச்ச நீதிமன்றம் ஹோட்டல், ஓட்டுநர், குடித்தவர் ஆகிய மூவர்க்கும் பொறுப்பை மூன்றில் ஒரு பங்காகப் பிரித்த ஏற்பாட்டை நிலைநிறுத்தியது. அளந்து ஊற்றும் கடைக்கு ஏற்ற அளந்த தீர்ப்பு எனலாம்.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் வழக்கு வேறு விதமாய் முடிந்தது. 2002இல் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளை மதுக்கடையின் அறையொன்றில் வைத்துவிட்டுக் குடித்தார். மனைவியை அழைக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். அவர் சினந்து மறுத்தார். பின்னர் வண்டியைக் கேட்டார். ஓட்டும் நிலையில் இருக்கிறீரா என்று மும்முறை கேட்டபின் கடைக்காரர் வண்டியைக் கொடுத்தார். வீட்டுக்கு அருகிலேயே விபத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் மனைவி வழக்குத் தொடுத்தார். 2009 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், மிக அரிதான நிலைகளைத் தவிர, குடிப்பவர் எவ்வளவு குடிக்கிறார் என்று கண்காணித்துக் காக்கும் கடமை கடைக்காரர்க்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. தன் பெயரில் வழக்காடும் உரிமை அந்த மனைவிக்கு இருந்தது. ஈட்டுத் தொகை கிடைக்கவில்லை.