வீட்டுக் கச்சேரிக் காணொளி: படமும் பாட்டும் பிசகாமல் இணைப்பது எப்படி?

குளுவாங் தோட்டப்புறமானாலும் ஜொகூர் பாரு தாமானானாலும், வீட்டுக் கச்சேரி என்றால் ஹால்தான் மேடை. ஹார்மோனியமும் மிருதங்கமும் சாமிமேடை ஓரம். கைத்தொலைபேசியில் காணொளி எடுப்பவர் வாசற்கதவு ஓரம். இருவருக்கும் நடுவே காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும்.

படம் நன்றாகவே வந்துவிடுகிறது. ஏமாற்றுவது ஒலிதான். கைத்தொலைபேசி ஒலியளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். மிருதங்கத்தில் பலத்த அடி விழுந்தால் குரலும் சேர்ந்து அமுங்கும். பாட்டு ஓய்ந்தால் காற்றாடிச் சத்தம் மேலே வரும். இதற்கு வழி, பாடுபவர் அருகில் இன்னொரு கைத்தொலைபேசியையோ சிறிய ஒலிப்பதிவுக் கருவியையோ வைத்து ஒலியைத் தனியாகப் பதிவுசெய்வது. இரண்டையும் ‘ஏரோபிளேன் மோட்’டில் போட்டுவிடுங்கள். பாதிப் பாட்டில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம்.

தொடங்கும் முன் இரு கருவிகளும் ஓடும்போது, கேமராவுக்குத் தெரியும்படி ஒருவர் பலமாக ஒருமுறை கைதட்ட வேண்டும். சினிமாவில் கிளாப் அடிப்பதும் இதற்காகத்தான். கைகள் சேரும் படமும் ஒலி அலையில் எழும் கூர்முனையும் ஒரே கணம். கச்சேரி முடிந்ததும் இன்னொரு தட்டு தட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அதன் பயன் பிறகு தெரியும்.

கணினியில் இணைக்க டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரு பதிவுகளின் ஒலி அலைகளையும் ஒப்பிட்டு, தனிப்பதிவை இவை தாமே சரியான இடத்தில் பொருத்தும். அதனால் காணொளியின் சொந்த ஒலி எவ்வளவு மோசமாக இருந்தாலும் முதலிலேயே அழித்துவிடாதீர்கள். ஒப்பிட அதுதான் அடையாளம். பொருத்திய பிறகு அதை அடக்கிவிடலாம். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் கிணற்றுக்குள் பாடுவது போல் எதிரொலிக்கும்.

தொடக்கம் பொருந்தியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே தனிக் கடிகாரம் உண்டு. இரண்டு ஒரே வேகத்தில் ஓடா. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகிவிடும். நொடிக்கு 25 படம் ஓடும் காணொளியில் இது நாலரைப் படம். ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லிவிநாடியிலும், பிந்தினால் சுமார் 125 மில்லிவிநாடியிலும் மனிதர் அதை உணரத் தொடங்குகிறார்கள் என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாளம் போட்டுக் கேட்பவர் இன்னும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார் என்பது என் எண்ணம். கடைசிக் கைதட்டல் இங்கேதான் உதவும். அது விலகியிருந்தால் ஒலியின் நீளத்தை அந்த அளவுக்கு இழுத்தோ சுருக்கியோ சரிசெய்யலாம். அல்லது பாட்டுக்குப் பாட்டு வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பொருத்துங்கள். வீட்டுக் கச்சேரிக்கு இதுவே எளிது.

கோயில் மண்டபத்தில் எடுத்தால் இன்னொரு சிக்கல். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவை ஒலி அடையும்போது இரண்டு படம் ஓடிவிடும். மென்பொருள் அந்தத் தாமதத்தோடுதான் பொருத்தும்; பிறகு நீங்கள் ஒலியை இரண்டு படம் முன்னே நகர்த்த வேண்டும். வீட்டு ஹாலில் இந்தக் கவலை இல்லை.

தோட்டத்தைவிட்டுப் பட்டணம் வந்த பல குடும்பங்களின் அலமாரியில் பழைய விஎச்எஸ் நாடாவும், அதே இரவில் ரேடியோவில் பதிவுசெய்த கேசட்டும் இன்னும் இருக்கலாம். அதில் பாடியவர் இன்று இல்லாமலும் இருக்கலாம். ஒன்றில் அவர் முகம், மற்றதில் தெளிவான குரல். இரண்டையும் கணினிக்கு மாற்றிய பிறகு இணைக்க முடியும். ஆனால் கேசட்டின் வேகத்தை நம்பக் கூடாது. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்பது வெறும் அளவுகோல். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு பாட்டின் முதல் மிருதங்க அடியிலிருந்து கடைசி அடிவரை காணொளியில் 600 விநாடி, கேசட்டில் 606 விநாடி என்றால், கேசட் ஒலியை 1.01 மடங்கு வேகமாக்க வேண்டும். ஆடாசிட்டியில் வேகத்தோடு சுருதியும் சேர்ந்து மாறும் வசதியையே தேர்ந்தெடுங்கள். நாடா மெதுவாக ஓடியதால் சுருதியும் இறங்கியிருக்கும். இரண்டும் ஒன்றாகச் சரியாகும். நாடா ஈரப்பதத்தில் பூசணம் பிடித்திருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்காமல், தெரிந்த கடையில் கொடுங்கள்.

முடித்த காணொளியை உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித் தரம் குறையும். மூலப் படம், மூல ஒலி, இணைத்த பிரதி மூன்றையும் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.